திரை நடுவில் ஒரு நண்டு

10 பிப்ரவரி 2025, திங்கள்

வலது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல். இந்த இரண்டு வரிக்கே பத்து நிமிடம் ஆயிற்று.

11 பிப்ரவரி, செவ்வாய்

பேனா இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை விழவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினேழு நாள். தினமும் எழுது, துணி கிளிப்பை அமுக்கு, பட்டாணி பொறுக்கு என்று சென்னை டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் பங்குக் கோயிலில் கொடுத்த டைரி சும்மா கிடந்ததால் இதில் எழுதுகிறேன்.

நண்டு கடித்த கை என்று சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு. பதினான்கு வருடம் நண்டு கட்டியவளையா நண்டு கடித்தது? ஆமாம், கடித்தது. ஒரு கிலோவுக்கு மேல் இருந்த சேற்று நண்டு. ஒரு கொடுக்கை மடித்துக் கயிறு சுற்றும்போது இன்னொன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போனேன். அதுதான் முட்டாள்தனம். கை தலையணை மாதிரி வீங்கி, காய்ச்சல் ஏறி, சென்னையில் இரண்டு ஆபரேஷன், இருபத்து மூன்று நாள் படுக்கை. இப்போது அந்த இரண்டு விரலும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நண்டு கம்பெனி ஷாகுல் ஹமீது பாய் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "ஈஸ்டர் முடிஞ்சு வா கிறிஸ்டினாம்மா. கட்டுற மாதிரி இருந்தா உன் இடம் உனக்குத்தான். இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும், தப்பா எடுத்துக்காதே" என்றார். தப்பாக எடுக்கவில்லை. உயிர் நண்டு கட்டு அவிழ்ந்து கூடைக்குள் ஓடினால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். பாதி சரக்கு போய்விடும்.

ஈஸ்டர் ஏப்ரல் இருபது. நான் போவேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சந்தியாகு வழக்கம்போல வெளியே பைக் மேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகிப் பதினாறு வருடமாக அந்த பைக்தான் அவருக்குப் பீடம். உள்ளே வாங்க என்றால், சாமிக்கு என் மூஞ்சி தெரியும், கிட்ட வந்து காட்டத் தேவையில்லை என்பார்.

பட்டாணி பொறுக்க வெறுப்பாக இருக்கிறது. விரல் மடங்குவதற்குள் பட்டாணி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

18 பிப்ரவரி, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

என் தம்பி சாம் தோஹாவிலிருந்து போன வருடம் கொண்டுவந்த பெரிய டிவி எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அவன் வீடு கட்டி முடிகிற வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்று மாட்டிவிட்டுப் போனான். கூடவே ஒரு கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக். இன்று தூசி தட்டும்போது ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலுக்குக் குமிழ், ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் ஒரு விசை. எந்த இரண்டு விரல் செத்துக் கிடக்கிறதோ அதே இரண்டு விரல்.

கார் பந்தயம் போட்டேன். பத்து நிமிடத்தில் பதினெட்டு தடவை சுவரில் மோதினேன். பட்டாணியைவிட இது மேல். கையெல்லாம் விண்ணென்று வலிக்கிறது, நல்ல வலி.

20 பிப்ரவரி, வியாழன்

மோதல் பதினொன்று.

24 பிப்ரவரி, திங்கள்

ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டார். ஏதோ விளம்பரத்தில் திரை முழுக்க வெள்ளையாக வந்தது. எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். திரை நடுவில் லேசாக ஒரு கறை. வட்டமாக, சுற்றிலும் கோடு கோடாக. துணியால் துடைத்தேன், போகவில்லை. கறை உள்ளே இருக்கிறது.

"கேம் ஆடி ஆடி ஸ்கிரீனைக் கெடுத்துட்ட. உன் காருல ரவுண்டா ஸ்பீடு மீட்டர் இருக்குதில்ல, அதான் பதிஞ்சிருச்சு" என்றார். சாமுக்கு என்ன பதில் சொல்வது, இனி அந்தப் பெட்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கைலியை உதறிக்கொண்டு வெளியே போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அதற்குள் பதியுமா? எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்துக்காக நான் விரலை விடமாட்டேன்.

26 பிப்ரவரி, புதன்

சமாதானம். டிவிக்குப் பாடு போட்டுவிட்டோம்.

யோசனை அவருடையது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊரில் சீட்டு எடுப்பார்கள், அதுதான் பாடு. ஒருவர் பாடு அன்று இன்னொருவர் அங்கே கம்பு ஊன்றுவதில்லை. அண்ணன் தம்பியாக இருந்தாலும் கிடையாது. அதே மாதிரி நாள்காட்டித் தாளைக் கிழித்து சீட்டு எழுதி, சொம்பில் குலுக்கினார். காலை பத்திலிருந்து பதினொன்று எனக்கு. மத்தியானமும் சாயங்காலமும் அவருக்கு. என் பாடு நேரத்தில் நான் என்ன செய்தாலும் கேட்கக்கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை: கறை பெரிதானால் பாடு ரத்து.

கறை என்னால் வரவில்லை என்று நிரூபித்தால்? என்று கேட்டேன். நிரூபி பாக்கலாம் என்றார்.

சொல்லிவிட்டார் அல்லவா, பார்க்கலாம்.

1 மார்ச், சனி

பொன்னேரியிலிருந்து டிவி மெக்கானிக் ஹரிஹரன் வந்தார். பென்டிரைவ் போட்டு வெள்ளை, சிவப்பு, பச்சை என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக விட்டுப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பக்கம் டிவி சாவுறது உப்புக் காத்துல. கேமால செத்த டிவியை நான் பாக்கல" என்றார். எனக்கு உடனே ஒரு தெம்பு வந்தது. ஆனால் முழுசாகக் கேளுங்கள் என்று மேலே சொன்னார். இந்த மாதிரித் திரையில் ஒரே படம் ஒரே இடத்தில் நாள் கணக்காக, நல்ல வெளிச்சத்தில் நின்றால் தடம் விழும். "கேமா நியூஸா கிரிக்கெட்டான்னு திரைக்குத் தெரியாது. நின்ன படம் நிக்கும், அவ்ளோதான்." ஒரு மணி நேரம் ஆடி அணைப்பவருக்குப் பயமில்லை, இரவும் பகலும் அப்படியே விட்டால்தான் வம்பு என்றார்.

டிவிக்குள்ளேயே திரையைச் சுத்தம் பண்ண ஒரு ஆப்ஷன் இருக்கிறதாம். மூன்று நான்கு தடவை ஓடவிட்டால் இந்தக் கறை போய்விடலாம் என்றார். போட்டுவிடட்டுமா என்று ரிமோட்டை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். கறை போனால் சாட்சியும் போய்விடும். பழி மட்டும் என் தலையில் நிற்கும்.

3 மார்ச், திங்கள்

ரோசியிடம் கேக் செய்கிற பட்டர் பேப்பர் வாங்கினேன். பக்கத்து வீடு, பேக்கரி ஆர்டர் எடுப்பவள். ஹரிஹரன் விட்டுப்போன பென்டிரைவால் வெள்ளைத் திரை போட்டு, பேப்பரை நடுவில் ஒட்டி, பென்சிலால் கறையை அச்சு எடுத்தேன். வலது கையால்தான். பேப்பர் சின்னது, வட்டமும் கோடுகளும் மட்டும் வந்தன. கறை கீழேயும் கொஞ்சம் நீளுகிறது, ஆனால் அங்கே ரொம்ப மங்கல்.

எடுத்துப் பார்த்தால் நண்டு! வட்ட ஓடு, இரண்டு பக்கமும் கால். பதினான்கு வருடம் நண்டையே பார்த்த கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? சாம் டிவியில் என்னைக் கடித்த நண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் காரின் ஸ்பீடு மீட்டர் வலது மூலையில், கீழே. நண்டு நடுவில். நடுவும் மூலையும் ஒன்றா? வீட்டுக்காரரிடம் காட்டினேன். முதலில் நடுவில் இருந்து பிறகு மூலைக்குப் போயிருக்கும் என்கிறார். எப்படித்தான் வாய் கூசாமல் சொல்கிறாரோ.

5 மார்ச், சாம்பல் புதன்

தவக்காலத்துக்குப் பிடித்த எதையாவது விட்டு ஒறுத்தல் செய்ய வேண்டும் அல்லவா, நீ கேமை ஒறுத்துவிடேன் என்கிறார் இவர். நெற்றியில் சாம்பல் இல்லாத மனிதர் எனக்குத் தவக்காலம் சொல்லிக்கொடுக்கிறார். நான் டீயை விட்டிருக்கிறேன் என்றேன்.

7 மார்ச், வெள்ளி

சென்னையில் செக்கப். கட்டைவிரல் நன்றாக மடங்குகிறது, என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கார் ஓட்டினேன் என்றேன். அதெல்லாம் இப்போது ஓட்டக்கூடாதம்மா என்று பதறினார். விளக்கியதும் சிரித்து, ஓட்டுங்கள் என்றார்.

14 மார்ச், வெள்ளி

இரண்டு கரண்டியைக் கொடுக்காக வைத்துக்கொண்டு நைலான் கயிறு சுற்றிப் பழகினேன். நண்டின் ஓட்டைக் காலால் மிதிக்க வேண்டும், கொடுக்கை மடிக்க வேண்டும், குறுக்கே சுற்றி நடுவில் முடிச்சு. சுற்ற வருகிறது. முடிச்சை இறுக்கும்போதுதான் ஆள்காட்டி விரல் வழுக்குகிறது.

மோதல் மூன்று.

22 மார்ச், சனி

ஸ்பீடு மீட்டர் நிற்கும் மூலையில் வெள்ளைத் திரை போட்டுப் பார்த்தேன். பளிச். இருபத்து நாலு நாளில் செக்கப் நாள் தவிரப் பாடு தவறாமல் ஆடியும் அங்கே ஒரு புள்ளி இல்லை. நண்டு மட்டும் நடுவில் அப்படியே இருக்கிறது.

சேனல்களை ஒவ்வொன்றாக ஓட்டி, என் அச்சுத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். செய்திச் சேனலுக்குக் கீழே பட்டை, கிரிக்கெட்டுக்கு மூலையில் ஸ்கோர். நடுவில் வட்டமாக அசையாமல் நிற்கிற படம் எது? விளம்பரமா? எந்த விளம்பரம் நாள் கணக்கில் நிற்கும்?

29 மார்ச், சனி

சாம் போன் செய்தான். ஏப்ரல் பத்தொன்பது வருகிறானாம். ஈஸ்டர் முடிந்ததும் டிவியைக் கழற்றிக்கொண்டு போவானாம்.

போனை வைத்ததும் இவருக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். ஜாய்ஸ்டிக் இரண்டையும் எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டார். "அவன் முன்னாடி நான் தலை குனிஞ்சு நிக்கணுமா? போதும் கிறிஸ்டி, விடு."

பாடு போட்டது யாரு? சீட்டு எழுதுனது யாரு? ஏரில இப்படி ஒருத்தன் இன்னொருத்தன் பாட்டுல கை வெச்சா இவரு சும்மா இருப்பாரா, ஊரையே கூட்டியிருப்பாரு. கேட்டேன். வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. சத்தம் போட்டவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறினேன். வலது கையை நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் அந்த விரல்களால் ஒரு சீப்பைப் பிடிக்க முடியவில்லை. அழுகை வந்தது. அழுதுவிட்டு ஆடினேன்.

30 மார்ச், ஞாயிறு

கேமும் ஆடினேன், கரண்டியும் கட்டினேன். முடிச்சு இறுகியது. அவர் பார்த்தார்.

4 ஏப்ரல், வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. சாயங்காலம் நற்கருணை ஆராதனைக்குப் போனேன். போன மாதம் செக்கப்பால் போகவில்லை. அதற்கு முந்தின மாதம் கட்டோடு கிடந்தேன்.

சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைக் கொண்டுவந்து பீடத்தின் மேல் வைத்தார். எல்லோரும் முழங்காலில் நின்று குனிந்தார்கள். நானும் குனிந்து, நிமிர்ந்து பார்த்தேன்.

பீடத்தின் மேல் என் நண்டு.

நடுவில் வட்டம். சுற்றிலும் கதிர் கதிராக. நான் கால் என்று நினைத்ததெல்லாம் கதிர். கீழே நீண்ட அந்த மங்கல், பாத்திரத்தின் தண்டு. சின்ன வயதிலிருந்து முழங்காலில் நின்று பார்த்த பாத்திரம். அதைப் பார்த்து நண்டு என்று சொல்லியிருக்கிறேனே ஆண்டவரே!

பாட்டு எதுவும் காதில் விழவில்லை. டிவியில் ஒரு சேனல் இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும் ஆராதனை, பாத்திரமும் இரண்டு மெழுகுவர்த்தியும் மட்டும் அசையாமல் நிற்கும். அன்று சேனல் ஓட்டிப் பார்த்தபோது அது பட்டியலின் கடைசியில் இருந்தது, அவ்வளவு தூரம் நான் போகவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதை யார் போடுவார்கள்?

வெளியே வந்ததும் ரோசியைப் பிடித்துக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப அண்ணன் கேட்டாரு, அந்த சேனல் எந்த நம்பர்னு. நான்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க வர்ற வரைக்கும் அமத்தவே இல்ல. ஏரிக்குப் போனாலும் ஓடிட்டுதான் இருக்கும்" என்றாள்.

பெண்கள் வார்டு, ஆம்பிளை கூட இருக்க முடியாது. என் அக்கா மார்கரெட்தான் இருந்தாள். இவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், சாத்துக்குடியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விடுவார். மனுஷனுக்கு நெஞ்சே இல்லையா என்று அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

இருபத்து மூணு நாளு. அமத்தவே இல்லையாம்.

நான் ஜெயித்துவிட்டேன். கேம் இல்லை, நான் இல்லை. அச்சுத்தாள் இருக்கிறது, சாட்சிக்கு ரோசி இருக்கிறாள். ஒரு மாதமாக இவர் முகத்தில் அடிக்கிற மாதிரி சொல்ல வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். பூசை முடிஞ்சிருச்சா, இன்னா இவ்ளோ நேரம் என்றார்.

முடிஞ்சிருச்சு என்றேன். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

5 ஏப்ரல், சனி

அச்சுத்தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி

மோதல் இல்லை! ஒரு சுற்று முழுக்க. ரோசி வீட்டிலிருந்து வாங்கிய உயிர் நண்டு ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். சின்னதுதான். பயமாகத்தான் இருந்தது, ஆனால் முடிச்சு வழுக்கவில்லை. மூன்று நிமிடம் ஆனது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் பத்து கட்டுவேன்.

19 ஏப்ரல், சனி

சாம் வந்தான். சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு நேராக டிவி முன்னால்தான் உட்கார்ந்தான். அவன் கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது.

"அக்கா, கேம் ஆடுனியா? நடுவுல தடம் விழுந்திருக்கே."

ஆமாம், நான்தான் என்று சொல்லிவிடுவது என்று இரண்டு வாரமாக நினைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ இல்ல சாம். நான்தான். உங்கக்கா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரே சேனலைப் போட்டு அப்படியே வுட்டுட்டேன். பழிய அவ மேல போட்டேன்."

என்ன சேனல் மாமா அது, அவ்வளவு நாளா, என்று சாம் கேட்டான். இவர் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. பைக் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் தடவினார்.

"நியூஸ் சேனல்" என்று நான் சொன்னேன்.

அப்போதுதான் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தார். பதினாறு வருடத்தில் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சாமுக்கு ஒன்றும் கோபமில்லை. அந்தச் சுத்தம் பண்ணுகிற ஆப்ஷன் அவனுக்கும் தெரிந்திருந்தது. நாலு தடவை ஓட்டினால் போய்விடும் மாமா என்று ரிமோட்டை எடுத்தான்.

"இப்ப வாணாம். இருக்கட்டும்" என்றார் இவர். "உங்கக்கா கை முழுசா சரியாவட்டும்."

கைக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று சாம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் மீன் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன்.

21 ஏப்ரல், திங்கள்

டிவி சுவரிலேயே இருக்கிறது. சாம் கழற்றவில்லை. அவன் வீட்டில் இன்னும் வயரிங்கே முடியவில்லையாம், டிசம்பரில் வேறு டிவி கொண்டுவருகிறானாம். நேற்றுப் பூசைக்கு இவரும் வந்தார். உள்ளே இல்லை, வாசற்படி வரைக்கும். பைக் தனியாக நின்றது.

22 ஏப்ரல், செவ்வாய்

நண்டு கம்பெனிக்குப் போனேன். பாய் பத்து நண்டு இருந்த கூடையை என் முன்னால் தள்ளினார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிதித்தேன், மடித்தேன், சுற்றினேன். மூன்றாவது நண்டு கையை எட்டிப் பார்த்தது, விடவில்லை. பத்தும் கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம். பாய் ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை.

"மெதுவாதான் இருக்குது. ஆனா முடிச்சு உன் முடிச்சு" என்றார். நாளை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

23 ஏப்ரல், புதன்

வேலை. கை வலி. எழுத நேரமில்லை.

11 ஜூன், புதன்

டைரியைத் தொட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. இன்று பழைய கணக்குக்கே வந்துவிட்டேன், மூன்று நிமிடத்தில் பத்து. பாய் பார்த்துவிட்டு இன்னொரு கூடையை என் பக்கம் தள்ளினார். கூடை வந்தால் சரி என்று அர்த்தம்.

காலைப் பாடு இப்போது எனக்குத் தேவையில்லை, வேலைக்குப் போய்விடுகிறேன். சாயங்காலம் இவர் பாட்டில் எனக்கும் ஒரு ஜாய்ஸ்டிக். தோணி ஓட்டுகிறவருக்குக் கார் ஓட்ட வரவில்லை, இன்று மட்டும் பதினான்கு மோதல்.

ஆட்டம் முடிந்து திரை வெள்ளையானபோது கறை தெரிந்தது. இவர் ரிமோட்டை எடுத்து அந்த ஆப்ஷன் வரைக்கும் போய் நின்றார். "கைதான் சரியாயிருச்சே. அழிச்சுரட்டுமா?" என்று கேட்டார்.

கட்டைவிரலைத் தேய்த்துக் காட்டி, "நுனி மட்டும் இன்னும் லேசா மரத்தாப்புலதான் இருக்குது" என்றேன்.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

விரலில் மரப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.